எலிக்குச் சர்க்கரை இறங்கியது, சரி... அப்புறம்?

போன பதிவு மியூச்சுவல் ஃபண்டு பற்றி. அதற்கு முந்தையது ஷேர் ஆட்டோ பற்றி. இன்றைக்குப் பாகற்காய், ஆவாரம்பூ, வெள்ளை எலி. "பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குடா" என்று வகுப்பு மக்கள் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பாதிக்கு மேல் நம்ம பாடம்தான் வரும்.

எங்கள் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் சர்க்கரைக்கு ஒரு சூரணம் விற்கிறார்கள். டப்பாவோடு ஒரு நோட்டீஸ். அதில் "ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் பெயர். யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியம்தான். நான் தேடினேன், கிடைத்தது, படித்தேன். அதில் ஒரு மனிதர்கூட இல்லை. எல்லாம் எலிகள்.

அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. அதே மாதிரி கட்டுரைகளாகத் தேடிப் படித்தேன். நான்கு படித்தால் போதும், ஐந்தாவதை நீங்களே எழுதிவிடலாம். செய்முறை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு செடியைப் பிடியுங்கள். இலை, பூ, பட்டை, கொட்டை எதுவானாலும் சரி. காயவைத்துப் பொடித்து எத்தனாலில் ஊறவைத்துச் சாறு இறக்குங்கள். விஸ்டார் இன எலிகளைக் குழுவுக்கு ஆறு வீதம் ஐந்து குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு ஆரோக்கியமான எலிகள். மற்ற நான்குக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்கிற மருந்தை ஊசி போடுங்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அது தேடிப் பிடித்துக் கொல்லும். எலிக்குச் சர்க்கரை எகிறிவிடும். இப்போது ஒரு குழுவுக்கு எதுவும் கிடையாது. ஒன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாறு, அடுத்ததற்கு 400. கடைசிக் குழுவுக்கு கிளிபென்கிளமைடு மாத்திரை. 21 நாளோ 28 நாளோ கழித்து ரத்தம் எடுத்துப் பாருங்கள். 400 மில்லிகிராம் கொடுத்த குழுவில் சர்க்கரை இறங்கியிருக்கும், ஏறக்குறைய மாத்திரைக்குச் சமமாக. கடைசி வரி: மேலும் ஆய்வுகள் தேவை.

அந்த "மேலும்" எங்கே என்பதுதான் இந்தப் பதிவின் கேள்வி.

ஆவாரம்பூவை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாகற்காய், நாவல் கொட்டை, வெந்தயம், சிறுகுறிஞ்சான், வேங்கைப் பட்டை, கறிவேப்பிலை, வேப்பிலை... நம் சமையலறையிலும் கொல்லையிலும் இருக்கிற எதுவும் தப்பவில்லை. எலிகள்தான் பாவம். ஒரு செடியை முடித்ததும் அடுத்த செடி, அதை முடித்ததும் அதே செடியின் வேர். பக்கவாட்டில் போய்க்கொண்டே இருக்கிறார்கள், மேலே ஏறுவதில்லை. ஆய்வு மாணவருக்குப் பட்டம் வேண்டும், வழிகாட்டிக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும். எலியோடு நிறுத்தினால் இரண்டும் கிடைத்துவிடுகிறது. மனிதர்களிடம் போனால் நெறிமுறைக் குழு, மருத்துவர், ஒப்புதல் படிவம், வருஷக்கணக்கில் காத்திருப்பு. யார் போவார்கள்?

எலியில் வேலை செய்தால் மனிதனிலும் செய்யாதா என்று கேட்கலாம். செய்யலாம், செய்யாமலும் போகலாம். முதலில் நோயே வேறு. நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இரண்டாம் வகை. அவர்களுக்கு இன்சுலின் இருக்கும், உடம்பு அதன் பேச்சைக் கேட்காது. வருஷக்கணக்கில் மெல்ல வளர்கிற நோய். எலிக்கு வந்தது ஒரே நாளில் ஊசி போட்டு வரவழைத்த விஷ பாதிப்பு. அந்த விஷத்தின் கடுமையைத் தணிக்கிற எதுவும் அங்கே சர்க்கரை மருந்து மாதிரித் தெரியும். அதே வேலைக்குப் பயன்படுத்துகிற அலாக்சானில் இன்னொரு சங்கடம்: ஊசி போட்ட விலங்கு சில சமயம் தானாகவே தேறிவிடும்.

அளவு இன்னும் பெரிய கூத்து. இதற்குப் பி.காம் கணக்கே போதும். எலியின் அளவை மனித அளவாக மாற்ற 6.2 ஆல் வகுப்பது வழக்கம். 400ஐ வகுத்தால் கிலோவுக்கு 64.5 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 3.9 கிராம் சாறு. இலையல்ல, காய்ச்சி வடித்த சாறு. நூறு கிராம் காய்ந்த இலையில் பத்து கிராம் சாறு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தினமும் 39 கிராம் காய்ந்த இலை வேண்டும். கடைக்காரர் கொடுப்பது அரை கிராம் கேப்ஸ்யூல், காலை ஒன்று, இரவு ஒன்று, அதிலும் வெறும் இலைப்பொடி. 39 எங்கே, 1 எங்கே? எத்தனால் சாற்றின் கட்டுரையை இலைப்பொடி டப்பாவில் ஒட்டுவது, மாருதி காரின் மைலேஜ் சான்றிதழை மாட்டு வண்டியில் ஒட்டுகிற மாதிரி.

மனிதர்களிடம் சோதனையே நடக்கவில்லையா? நடந்திருக்கிறது. பாகற்காயை எடுத்துக்கொள்வோம். 2007ல் பிலிப்பைன்ஸ் சோதனை ஒன்று வெளியானது. 40 பேர், பாதிப் பேருக்குப் பாகற்காய் கேப்ஸ்யூல், பாதிப் பேருக்கு ஒன்றுமில்லாத டம்மி, மூன்று மாதம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2011ல் தாய்லாந்து சோதனை. தினம் 2 கிராம் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் இறங்கியது, ஆனால் 1 கிராம் மெட்ஃபார்மின் அளவுக்கு இல்லை. 2012ல் காக்ரேன் அமைப்பு, தரம் தேறிய சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. தேறியவை நான்கு, மொத்தம் 479 பேர். பலன் உண்டு என்று சொல்ல ஆதாரம் போதாது என்று முடித்துவிட்டார்கள். ஆசியா முழுக்கச் சாப்பிடுகிற காய்க்கு 479 பேர்! எங்கள் கல்லூரி காலை ஷிப்டில் இதைவிடக் கூட்டம் இருக்கும்.

சிறுகுறிஞ்சான் கதை நம்ம சென்னைக் கதை. அந்த இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணல் மாதிரி இருக்கும், செய்து பாருங்கள், நல்ல வேடிக்கை. 1990ல் தரமணி அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்து ஆய்வாளர்கள், இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேருக்கு வழக்கமான மாத்திரையோடு இந்தச் சாற்றையும் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். மாத்திரை அளவு குறைந்தது, 5 பேர் மாத்திரையை விட்டே விட்டார்கள். அருமையான ஆரம்பம். ஆனால் ஆரம்பம்தான். யாருக்குச் சாறு, யாருக்கு டம்மி என்று குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல அது. 22ஐ 2,200 ஆக்கியிருக்க வேண்டாமா? இன்றைக்கும் நோட்டீஸ்களில் அந்த 22 பேரைத்தான் காட்டுகிறார்கள்.

வேங்கைப் பட்டை பரவாயில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலே இறங்கி, பல மருத்துவமனைகளில் செய்து 1998ல் முடிவு வெளியிட்டது. 97 பேர், 12 வாரம், 67 பேருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டது. ஆனால் ஒப்பிட இன்னொரு குழு இல்லை. புதிதாக நோய் தெரிந்தவர் பயத்தில் இனிப்பை விடுவார், நடக்க ஆரம்பிப்பார். சர்க்கரை இறங்கியது பட்டையாலா, பயத்தாலா? அப்புறம் டோல்புட்டமைடு மாத்திரையோடு ஒப்பிட்டு இன்னொரு சோதனையும் செய்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இதுதான் மேலே ஏறுகிற பாதை. இந்தப் பாதையில் கூட்டம் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே என் பெரியம்மா விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையில் ஹெச்பிஏ1சி ஏழரை சுற்றி இருந்தது. ஒரு சூரணக்காரர், "அம்மா, இங்கிலீஷ் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், நிறுத்திட்டு இதை மட்டும் சாப்பிடுங்க" என்றார். நான்கு மாதம். காலில் ஒரு சின்னப் புண், செருப்புக் கடி என்று நினைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஹெச்பிஏ1சி பதினொன்றுக்கு மேல். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சூரணக்காரரிடம் பெரியப்பா போய்ச் சண்டை போட்டார். "பத்தியம் ஒழுங்கா இருந்திருக்க மாட்டாங்க" என்று பதில் வந்தது.

இதை நான் ஆதாரமாகச் சொல்லவில்லை, கவனியுங்கள். ஒரு பெரியம்மாவுக்கு விரல் போனது எதையும் நிரூபிக்காது. ஆனால் அப்படியானால் "எங்க மாமாவுக்கு மூணே மாசத்துல நார்மல் ஆயிடுச்சு" என்பதும் எதையும் நிரூபிக்காது. உங்கள் மாமாவைக் கணக்கில் சேர்த்தால் என் பெரியம்மாவையும் சேர்க்க வேண்டும். இரண்டு பேரையும் சேர்த்து, இன்னும் சில நூறு பேரையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதற்குப் பெயர்தான் சோதனை.

நான் மூலிகைக்கு எதிரி என்று கிளம்பி வருபவர்களுக்கு: உலகத்தில் அதிகம் பேர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையே ஒரு செடியிலிருந்து ஆரம்பித்ததுதான். கலேகா என்று ஐரோப்பாவில் ஒரு செடி. ஆடு மாடு அதிகம் மேய்ந்தால் செத்துப்போகும். அதிலிருக்கும் கலேகின் சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் விஷம். "நம்ம முன்னோர் செடி" என்று யாரும் அதைப் பொடித்து டப்பாவில் அடைக்கவில்லை. அதன் வேதியியல் உறவான மெட்ஃபார்மினை 1922ல் டப்ளினில் செய்தார்கள். 1957ல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளிடம் கொடுத்த முடிவை வெளியிட்டார். 1998ல் பிரிட்டனின் பெரிய ஆய்வு, உடல் பருமன் உள்ளவர்களுக்கு இது சர்க்கரையோடு மாரடைப்பு அபாயத்தையும் குறைக்கிறது என்று காட்டியது. அதே குடும்பத்து ஃபென்ஃபார்மின் ரத்தத்தில் அமிலம் ஏற்றி ஆளைக் கொல்கிறது என்று தெரிந்ததும் 1970களின் கடைசியில் பல நாடுகளில் தூக்கி எறிந்தார்கள். ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835ல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் இன்னொரு உதாரணம். அதைப் பார்த்துச் செய்ததுதான் இன்றைய டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள். செடி ஒன்றும் இளப்பமில்லை. செடியிலிருந்து மாத்திரை வரைக்கும் நடக்க மனசில்லாதவர்கள்தான் இளப்பம்.

இதில் வேதனையான ஒரு நகைச்சுவை உண்டு. 1999ல் நாவல், பாகல், சிறுகுறிஞ்சான், கத்தரிக்காய் கலவைக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கொடுத்தார்கள், எண் 5,900,240. இங்கே ஒரே கொந்தளிப்பு. எங்கள் பாட்டி வைத்தியத்தைத் திருடிவிட்டார்கள் என்று. கொந்தளித்தது நியாயம்தான். பாரம்பரிய அறிவைப் பதிந்து வைக்க 2001ல் மின்னூலகமும் தொடங்கினோம். சொத்து யாருடையது என்று அவ்வளவு சத்தம் போட்டோமே, அந்தக் கலவை வேலை செய்கிறதா என்று அதில் பத்தில் ஒரு பங்கு சத்தமாவது போட்டோமா?

இப்போது நம்ம பாடம். ஒரு கம்பெனி பொதுமக்களிடம் பங்கு விற்க வேண்டுமானால் செபி விடாது. மூன்று வருஷத் தணிக்கை செய்த கணக்கு, அபாயங்களின் பட்டியல், நூற்றுக்கணக்கான பக்கத்துக்கு விளக்க ஆவணம். நம் பணத்தில் பத்தாயிரம் போகக்கூடாது என்பதற்காக. அதே மக்களிடம் சர்க்கரைக்குச் சூரணம் விற்க என்ன வேண்டும்? மருந்து விதிகளில் 158-பி என்று ஒன்று 2010ல் வந்தது. பழைய நூலில் சொன்ன மருந்து, நூலில் சொன்ன நோய்க்கே என்றால் பாதுகாப்புச் சோதனையும் வேண்டாம், பலன் சோதனையும் வேண்டாம். புதுப் பெயர் வைத்த தயாரிப்பு என்றால் நூல் ஆதாரத்தோடு ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வு. தணிக்கை இல்லாத கணக்கை வைத்து ஐபிஓ போடுகிற மாதிரி. அரசு ஆய்வகங்களே இந்தக் குறுக்குவழியில்தான் போகின்றன. 2015ல் லக்னோவின் இரண்டு மத்திய அரசு ஆய்வகங்கள் உருவாக்கிய பிஜிஆர்-34 ஆயுர்வேத மருந்தாகத்தான் கடைக்கு வந்தது, மாத்திரை 5 ரூபாய் என்று. அலோபதி மருந்து கடக்க வேண்டிய மூன்று கட்டச் சோதனைக் கதவு வழியாக அது வரவில்லை. மெட்ஃபார்மின் சாதாரண மாத்திரை 2 ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது.

விளம்பரத்துக்கும் சட்டம் உண்டு. 1954ஆம் வருஷச் சட்டப்படி சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம், பட்டியலில் பெயர் சொல்லிப் போட்டிருக்கிறார்கள். எந்த பஸ்ஸின் முதுகிலாவது பாருங்கள், எந்தக் காலை நேர டிவி நிகழ்ச்சியிலாவது பாருங்கள், சட்டம் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்று தெரியும். விளம்பரத்தை முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் போட வேண்டும் என்று 2018ல் 170ஆம் விதி வந்தது. 2024 ஜூலையில் ஆயுஷ் அமைச்சகமே அதை நீக்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை போட்டது. 2025 ஆகஸ்டில் வழக்கை முடித்து, தடையையும் எடுத்துவிட்டது. பூட்டு போய்விட்டது.

சரி, கம்பெனிகள் ஏன் சோதனை செய்வதில்லை? கெட்டவர்கள் என்பதால் மட்டும் இல்லை. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(பி) பிரிவில், அதாவது பழைய அறிவைச் சொல்லும் அந்த உட்பிரிவில், பாரம்பரிய அறிவுக்குக் காப்புரிமை கிடையாது. ஒரு கம்பெனி கோடி செலவழித்து ஆவாரை வேலை செய்கிறது என்று நிரூபித்தால், மறுநாள் எதிர்க்கடைக்காரரும் அதே முடிவை அச்சடித்து விற்பார். வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் இருக்கிற வியாபாரமும் போச்சு. இரண்டு பக்கமும் நஷ்டம். முதலாண்டு பொருளாதாரப் புத்தகத்தில் வருகிற ஓசிச் சவாரிப் பிரச்சினை இதுதான். இந்த மாதிரி இடத்தில் பொதுப்பணம்தான் இறங்க வேண்டும்.

இறங்க முடியாத செலவா? 300 நோயாளிகள். எல்லோரும் தங்கள் மாத்திரையைத் தொடரட்டும். கூடவே பாதிப் பேருக்கு ஆவாரைக் குடிநீர்ச் சாறு, பாதிப் பேருக்கு டம்மி, ஆறு மாதம், ஆளுக்கு மூன்று முறை ஹெச்பிஏ1சி. பரிசோதனைக்கு 500 ரூபாய் வைத்தால் நாலரை லட்சம். மருத்துவர், ஊழியர், காப்பீடு, சாற்றின் தரம் பார்ப்பது எல்லாவற்றுக்கும் பத்து மடங்கு ஆக்குங்கள், 45 லட்சம். தாம்பரத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சென்னையிலேயே சித்த ஆராய்ச்சிக் கவுன்சில் இருக்கிறது. நோயாளிக்குப் பஞ்சமா? 2023ல் வந்த ஐசிஎம்ஆர் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, அந்த ஆய்வையே முன்னின்று செய்தது சென்னை நிறுவனம்தான். சோதனையை முன்கூட்டிப் பதிவுசெய்ய 2007 முதல் தேசியப் பதிவேடும் இருக்கிறது. முன்கூட்டிப் பதிந்தால் முடிவு பிடிக்கவில்லை என்று அமுக்க முடியாது. ஒருவேளை அதனால்தான் ஆர்வம் குறைவோ என்னவோ :-)

வரப்போகும் இரண்டு திட்டுகளுக்கு இப்போதே பதில்.

ஒன்று, "ஆயிரம் வருஷமா சாப்பிட்டு வர்றோம், உனக்கு எலியும் டம்மியும் வேணுமா?" ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ரத்தச் சர்க்கரையை யாரும் அளக்கவில்லை. சிறுநீரில் எறும்பு மொய்த்து, உடம்பு இளைத்த பிறகுதான் மதுமேகம் என்று தெரியும். இன்று வெறும் வயிற்றில் 160 காட்டி, எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிற ஆள் அந்தக் காலத்தில் நோயாளியே இல்லை. அவருக்கு அந்த மருந்து கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றியதா என்று நூலில் எப்படி இருக்கும்? முதல் வகை நோய் வந்த குழந்தைகள், 1922 ஜனவரியில் டொரண்டோவில் முதல் இன்சுலின் ஊசி போடும் வரைக்கும் எல்லா நாட்டிலும் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள், எல்லா மூலிகைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

இரண்டு, "அலோபதிக் கம்பெனி யோக்கியமா?" இல்லை, சத்தியமாக இல்லை. ரோசிக்ளிடசோன் என்று ஒரு சர்க்கரை மாத்திரை 1999ல் வந்தது, விற்றுத் தள்ளினார்கள். 2007ல் அது மாரடைப்பைக் கூட்டுகிறது என்று ஒரு கூட்டாய்வு வந்தது. 2010ல் ஐரோப்பா நிறுத்தியது, இந்தியாவும் தடை செய்தது. எப்படிப் பிடித்தார்கள்? சோதனைகளின் எண்கள் பதிவில் இருந்ததால். சூரணத்தில் இருதயத்துக்கு ஏதாவது ஆனால் பிடிப்பதற்கு எந்த எண் இருக்கிறது?

பார்மசியும் பயோகெமிஸ்ட்ரியும் படிக்கிற நண்பர்கள் சிலர் இங்கே வருகிறீர்கள் என்று தெரியும். உங்கள் துறையில் எலி வேலை முடிந்த பிறகு மனிதச் சோதனைக்குப் போன சாறு ஏதாவது இருந்தால், பதிவேட்டு எண்ணோடு பின்னூட்டத்தில் போடுங்கள். வருகிறதை எல்லாம் தொகுத்துத் தனிப் பதிவாகப் போடுகிறேன். சூரணம் வேண்டுமா என்று கேட்டு வருகிற பின்னூட்டங்களை மட்டும் அழித்துவிடுவேன்.

செமஸ்டர் தேர்வு வருகிறது, அடுத்த பதிவு இரண்டு வாரம் கழித்துத்தான்.